கடல்நீர் கடற்கரைக்கு, மழைநீர் செட்டிநாட்டுக்கு

வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே வங்கக் கடல், மேற்கே பிரான்மலை என்று செட்டிநாட்டுக்கு மரபாக எல்லை வகுப்பார்கள். இந்த நான்கு எல்லைக்குள் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றுகூட இல்லை; எல்லையாகச் சொல்லப்படும் இரண்டு ஆறுகளும் மழைக்காலத்தில் மட்டுமே நீர் காண்பவை. ஆனால் கிழக்கெல்லையாகிய கடல் ஒருநாளும் வற்றுவதில்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் தொண்டிக் கடற்கரை வந்துவிடும். மழை பொய்த்த ஆண்டுகளில் கண்மாய்கள் வறண்டு, ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கி, குடத்துக்கும் கேனுக்கும் விலை கொடுக்க நேரும்போது, இத்தனை அருகில் இருக்கும் கடல்நீரைக் குடிநீராக்கிக் கொண்டுவந்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. சென்னை அவ்வாறு செய்திருக்கிறது, யாழ்ப்பாணமும் செய்திருக்கிறது. செட்டிநாட்டுக்கு அது பொருந்துமா என்பதை ஆர்வத்தையும் அச்சத்தையும் ஒதுக்கிவைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பதே முறை.

உப்பைப் பிரிக்கும் வழி

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுப்படி, குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 2,000 மில்லிகிராம் வரை ஏற்றுக்கொள்ளலாம். அதாவது, கடல்நீரின் உப்பை எழுபதில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் அது நல்ல தண்ணீர் ஆகும்.

இதற்கான பழைய வழி நீரை ஆவியாக்கிக் குளிர்வித்துப் பிடிப்பது. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2005ஆம் ஆண்டு இலட்சத்தீவுகளின் கவரத்தியில் இவ்வழியின் புதிய வடிவம் ஒன்றை அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்கும் அந்த நிலையம், நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தருவதற்கென அமைக்கப்பட்டது. கரையை ஒட்டியே ஆழ்கடல் இருக்கும் தீவுகளுக்கு இது ஏற்ற முறை. சராசரி ஆழம் பத்து மீட்டரைக்கூட எட்டாத பாக் விரிகுடாவில் இதற்கு வழியில்லை.

இன்று பெரும்பாலான நிலையங்கள் பின்பற்றுவது எதிர்ச் சவ்வூடு பரவல் எனப்படும் முறையாகும், வீடுகளில் ஆர்.ஓ. கருவி என்று வழங்குவதும் இதன் சிறு வடிவமே. நீரை மட்டும் ஊடுருவ விடும் மெல்லிய சவ்வின் ஒருபுறம் நல்ல நீரும் மறுபுறம் உப்புநீரும் இருந்தால், இயற்கையில் நல்ல நீர்தான் உப்புநீரை நோக்கிச் செல்லும். கடல்நீரின் பக்கம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 27 மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுத்தால் இந்தப் போக்கு தலைகீழாகி, உப்பு பின்தங்க, நீர் மட்டும் சவ்வைக் கடந்து வரும். நடைமுறையில் 55 முதல் 70 மடங்கு வரை அழுத்தம் தரப்படுகிறது. இத்துறையைத் தொழிலாக வளரச் செய்த சவ்வை, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப்.

மின்சாரக் கணக்கு

உயர் அழுத்தத்துக்கு வேண்டியது மின்சாரம். கருவிகள் எவ்வளவு திறமையாக மாறினாலும், ஆயிரம் லிட்டர் நல்ல நீரைக் கடல்நீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி ஆற்றல், தேவைப்படும் என்பது இயற்பியல் விதித்த கீழ்வரம்பு. நல்ல முறையில் இயங்கும் நிலையங்கள் இன்று 3 முதல் 4 யூனிட் வரை செலவிடுகின்றன. வெளியேறும் உப்புநீரில் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தைத் திரும்பப் பெறும் கருவிகள் வந்த பிறகே இந்த அளவுக்குச் செலவு குறைந்தது. இனிக் குறைவதற்கு இடமுண்டு என்றாலும் அது சிறிது சிறிதாகத்தான் நிகழ முடியும்.

இந்த எண்ணை ஒரு குடும்பத்தின் அளவில் வைத்துப் பார்க்கலாம். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கான வரையறை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 675 லிட்டர். அதைக் கடலிலிருந்து பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டே முக்கால் யூனிட், இரண்டு மாதங்களில் 120 முதல் 160 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை இலவசமாக வழங்கப்படும் 100 யூனிட்டை விட இது அதிகம். மின்கட்டணச் சீட்டில் இது தெரியாது. நிலையத்தின் கணக்கிலும் அரசின் மானியத்திலும் மறைந்திருக்கும்.

சென்னையும் நரிப்பையூரும்

தமிழ்நாட்டின் அனுபவம் இரண்டு திசைகளில் பாடம் சொல்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் 2010ஆம் ஆண்டிலும், தெற்கே நெம்மேலியில் அதே திறனுடன் 2013ஆம் ஆண்டிலும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றொரு நிலையம் 2024ஆம் ஆண்டு சேர்ந்தது. அதற்கு அருகே பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் 2023ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தபோது, மழையை நம்பாமல் நீர் தந்தவை கடல்நீர் நிலையங்களே. கடலோரத்தில் ஒரு கோடி மக்களை நெருங்கும் பெருநகரத்துக்கு இது ஆடம்பரம் அன்று, காப்பீடு.

மற்றொரு திசையில் இருப்பது இராமநாதபுரம் மாவட்டத்து நரிப்பையூர். 1990களின் இறுதியில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனுடன் அங்கே அமைக்கப்பட்ட கடல்நீர் நிலையம், கடலோரக் கிராமங்களின் பெரும் நம்பிக்கையாக இருந்தது. சவ்வுகளைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். உப்புக்காற்றில் உலோகம் அரிக்கும். மின்சாரம் தடையின்றி வர வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் உடனிருக்க வேண்டும். இவை யாவும் ஒரு பெருநகரக் குடிநீர் வாரியத்துக்கு எளிது, வறண்ட மாவட்டத்தின் கிராமத் திட்டத்துக்கு அரிது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நிலையம் முழுத்திறனில் இயங்க இயலாமல் நலிந்தது. ஆலையைக் கட்டும் செலவைக் காட்டிலும் அதை உயிரோடு வைத்திருக்கும் செலவே பெரிது என்பதை நரிப்பையூர் காட்டிவிட்டது.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இச்செலவு நிற்பதில்லை. மீஞ்சூர் நிலையத்தின் ஒப்பந்தத்தில் ஆயிரம் லிட்டருக்குத் தொடக்கத்தில் ஏறத்தாழ 49 ரூபாய் விலை குறிக்கப்பட்டது. இத்தகைய ஒப்பந்தங்களில், நீரை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குறிப்பிட்ட தொகையைக் கொடுத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்காக நீண்ட வறட்சியின்போது திட்டமிடப்பட்ட பெரிய நிலையம், 2012ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபோது மழை திரும்பியிருந்ததால், பல ஆண்டுகள் நகருக்கு நீர் தராமலே நின்றது. அதற்கான கட்டணம் மட்டும் மக்களின் தண்ணீர் வரியில் சேர்ந்தது.

கடலுக்குத் திரும்பும் உப்பு

எடுத்த கடல்நீர் முழுவதும் குடிநீர் ஆவதில்லை. மீஞ்சூரில் 23.7 கோடி லிட்டர் கடல்நீரை எடுத்தால்தான் 10 கோடி லிட்டர் நல்ல நீர் கிடைக்கும், எஞ்சிய 13.7 கோடி லிட்டர், கடலைவிட ஏறத்தாழ முக்கால் மடங்கு கூடுதல் உப்புடன் கடலுக்கே திரும்புகிறது. இந்த அடர் உப்புநீரோடு, சவ்வில் பாசியும் உப்பும் படியாமல் இருக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களின் எச்சமும் செல்லும். உலகெங்கும் ஏறத்தாழ 16,000 நிலையங்கள் நாளொன்றுக்கு 9.5 கோடி கனமீட்டர் நல்ல நீரைத் தந்து, 14.2 கோடி கனமீட்டர் உப்புக்கழிவை வெளியேற்றுகின்றன என்று 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆழமும் நீரோட்டமும் மிகுந்த திறந்த கடலில் இது விரைவில் கலந்து நீர்த்துவிடும். தொண்டிக்கு எதிரே இருப்பது அத்தகைய கடல் அன்று.

பாக் விரிகுடா ஆழமற்றது, அலை குறைந்தது. அதன் தரையில் படர்ந்துள்ள கடற்புல்வெளிகள் நண்டுக்கும் இறாலுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் வளரிடம். கடற்பசு மேய்வதும் அங்கேதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. பாம்பனுக்குத் தெற்கேயோ மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் இருக்கிறது. கனமான உப்புநீர் அடித்தரையில் தேங்கினால் முதலில் கருகுவது புல். பிறகு குறைவது மீன்பாடு. தோணியிலும் விசைப்படகிலும் செல்லும் கரையோரக் குடும்பங்களின் வருவாயை எடுத்து உள்நாட்டுக்குக் குடிநீராகத் தருவது நீதியான மாற்றாக இருக்க முடியாது.

காரைக்குடிக்குக் கொண்டுவந்தால்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காரைக்குடி நகரில் ஏறத்தாழ 1.07 லட்சம் பேர் இருந்தனர். அந்த எண்ணிக்கையை மட்டுமே கொண்டு, ஒருவருக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.44 கோடி லிட்டர் வேண்டும். அதைக் கடலிலிருந்து பிரிக்க நாள்தோறும் 50,000 யூனிட் மின்சாரம் செலவாகும். காரைக்குடி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அந்த நீரை மேலேற்றவும் 50 கிலோமீட்டர் நீளக் குழாயின் உராய்வை வெல்லவும் ஆயிரம் லிட்டருக்கு மேலும் அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை சேரும். மீஞ்சூரின் விகிதப்படி பார்த்தால், பாக் விரிகுடாவுக்கு நாள்தோறும் இரண்டு கோடி லிட்டர் உப்புக்கழிவு திரும்பும். மழையே இல்லாத ஊராக இருந்தால் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். செட்டிநாடு அத்தகைய ஊர் அன்று.

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் கணிசமான பங்கு வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. ஆகவே இங்கே உள்ள குறை, நீர் வராததைவிட, வந்த நீர் நிற்காததே. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஆத்தங்குடியிலும் உள்ள பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் இதை உணர்ந்தே கட்டினார்கள். ஓட்டுக்கூரையின் நான்கு சரிவுகளிலிருந்தும் மழைநீர் வளவின் நடுவே உள்ள முற்றத்தில் விழும். கூரையைக் கழுவி வரும் முதல் நீரை விட்டுவிட்டு, அடுத்து வருவதை அண்டாக்களிலும் குடங்களிலும் பிடிப்பார்கள். மிஞ்சியது கல்வாய்க்கால் வழியே கிணற்றுக்கோ தெருவுக்கோ செல்லும். தெருவில் ஓடுவது ஊரணியைச் சேரும். 500 சதுர மீட்டர் கூரையில் ஓராண்டில் விழும் மழை 4.5 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 3.6 லட்சம் லிட்டர் எஞ்சும். அதே நீரைக் கடலிலிருந்து பெற 1,200 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். கூரையிலிருந்து அது கீழிறங்க எதுவும் வேண்டியதில்லை.

ஊரணி என்பது வெறும் பள்ளம் அன்று, ஓர் அமைப்பு. நீர் வந்து சேரும் மேட்டுநிலம், அதைக் கொண்டுவரும் வரத்துக்கால், வண்டல் படிவதற்குச் சிறு குழி, செம்புறாங்கல் படித்துறை, மிகுந்த நீரை அடுத்த ஊரணிக்கோ கண்மாய்க்கோ அனுப்பும் போக்குவழி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஊரணி. குடிநீர் ஊரணியில் குளிப்பதும் துணி துவைப்பதும் மாடு இறக்குவதும் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அவற்றுக்குத் தனிக் குளம் உண்டு. கலங்கிய நீரைத் தெளிய வைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். இந்த அமைப்பின் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும். படித்துறையைப் புதுப்பித்து, நடைபாதை அமைத்து, விளக்கு வைத்த பிறகும் பல ஊரணிகள் நிறையாமல் கிடப்பதற்குக் காரணம், வரத்துக்கால் மனைகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டதே.

கடல்நீர்த் திட்டத்தை ஆதரிப்பவர்கள் இங்கே இரண்டு மறுப்புகளை முன்வைக்கக் கூடும், இரண்டும் எடையுள்ளவை. முதலாவது, மழை பொய்க்கும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. அத்தகைய ஆண்டில் ஊரணியும் கண்மாயும் தரையைக் காட்டும். இரண்டாவது, திறந்த நீர்நிலையில் தேங்கிய நீரில் பெரும்பங்கை வெயில் குடித்துவிடும். இரண்டுக்கும் விடை நிலத்தடியில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தின் மேற்குப் பகுதி கெட்டிப்பாறை நிலம். கிழக்கே காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியோ மணற்பாறையும் செம்புறாங்கல்லும் கொண்ட படிவுநிலம். இந்நிலம் நீரை உறிஞ்சித் தன்னுள் நெடுங்காலம் வைத்திருக்கும். அங்கே வெயில் எட்டாது, ஓராண்டு வறட்சியும் உடனே தெரியாது. காரைக்குடியின் பெருமையாகச் சொல்லப்படும் சம்பை ஊற்றின் சுவையான தண்ணீர் இந்த நிலத்தடிச் சேமிப்பின் கொடையே. நகரின் குழாய்களுக்கு நீர் தரும் அந்த ஊற்றுப்பகுதியையும், அதற்கு மழைநீர் ஊறிச் செல்லும் நிலத்தையும் கழிவுநீரும் கட்டடங்களும் நெருங்காமல் காப்பது, எந்தக் கடல்நீர் ஆலையையும் விட மலிவான குடிநீர்த் திட்டம்.

கடலும் உதவும் வழி

அப்படியானால் கடல்நீர் ஆலையே வேண்டாம் என்பது முடிவாகாது. கடல்நீரை எங்கே குடிப்பது என்பதுதான் கேள்வி. திருச்சிக்கு அருகே காவிரியிலிருந்து எடுக்கப்படும் நீர், இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் வழியே புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து இராமநாதபுரத்தின் கடலோரம் வரை செல்கிறது. 2009ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்த இத்திட்டத்தில், கடலுக்கு மிக அருகில் வாழ்பவர்களே குழாயின் கடைக்கோடியில் இருக்கிறார்கள். அங்கே நிலத்தடி நீரும் உவர். நல்ல மழை பெய்தாலும் நெடுநாள் சேமிக்க நிலம் இடம் தராது. கடல்நீர் ஆலையின் தேவை உண்மையாகவே உள்ள மக்கள் அவர்கள்தான். அவர்களுடைய குடிநீரை, அளவான, கரையோரத்தில் பிரித்து அமைக்கப்பட்ட சிறு ஆலைகள் தருமானால், நீரை மேட்டுக்கு ஏற்றும் செலவு இராது. உப்புக்கழிவு ஓரிடத்தில் குவியாது. கடைக்கோடிக்குச் செல்ல வேண்டிய காவிரி நீர் நடுவழியில் உள்ள சிவகங்கை, புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு எஞ்சும். கடல்நீர் ஒரு சொட்டும் வராமலே செட்டிநாடு கடலால் பயன்பெறும் வழி இது.

இந்த இடமாற்றம் கற்பனை அன்று என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் கிணற்று நீரை மட்டும் நம்பியிருந்த குடாநாட்டுக்கு, ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவர முதலில் திட்டமிடப்பட்டது. தங்கள் வயலுக்கே போதாத நீர் குடாநாட்டுக்குப் போனால் பயிர் என்னாகும் என்று இரணைமடு விவசாயிகள் எதிர்த்தனர். அதன் பிறகே வடமராட்சி கிழக்கின் தாளையடியில், நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் நிலையம் அமைக்கப்பட்டு 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரணைமடுவின் நீர் வயலுக்கு நின்றது. கடற்கரைக்குக் கடல் உதவிற்று. அங்கும் மீனவர்கள் தங்கள் தொழிலுக்குத் தீங்கு வருமோ என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பதை மறக்கலாகாது. ஆலையின் இடத்தையும் கழிவுக்குழாய் எவ்வளவு ஆழத்தில் முடிய வேண்டும் என்பதையும் முடிவு செய்யும் முன் அவர்களைக் கேட்பதே நேர்மை.

இதற்கு நேர்மாறான ஒரு போக்கு உள்நாட்டில் பரவிவருவதையும் குறிப்பிட வேண்டும். உவர்ப்பான ஆழ்குழாய் நீரைச் சுத்திகரித்துக் கேனில் விற்கும் நிலையங்களும் வீட்டுக் கருவிகளும் வெளியேற்றும் கழிவுநீருக்குக் கடல் இல்லை. அது சாக்கடையிலோ மண்ணிலோ விடப்பட்டு, பிரித்தெடுத்த உப்பு மீண்டும் நிலத்தடி நீரையே சேருகிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவிகளைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டு கூறியதற்கு, வீணாகும் நீரும் ஒரு காரணம்.

எனவே பணம் செல்ல வேண்டிய வரிசை தெளிவாகவே இருக்கிறது. வரத்துக்கால்களை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, ஊரணிகளையும் கண்மாய்களையும் மீண்டும் ஒன்றோடொன்று இணைப்பது முதல் பணி. சம்பை ஊற்றின் நீர்பிடிப்பு நிலத்தைச் சட்டப்படி காப்பது அதற்கு இணையான பணி. கடலோர மக்களுக்குக் கடற்கரையிலேயே அளவான ஆலைகள் அமைப்பது அடுத்தது. காரைக்குடி 2024ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்ந்துவிட்டது. சுற்றியுள்ள ஊர்கள் அதனோடு சேர்ந்து மனைகளாகப் பிரிந்துவருகின்றன. கடல் எங்கும் போய்விடாது. அதைக் குடிநீராக்கும் ஆலையைப் பத்தாண்டு கழித்தும் கட்டலாம், அப்போது தொழில்நுட்பம் இன்னும் மலிந்திருக்கவும் கூடும். வீட்டுமனையாகிவிட்ட வரத்துக்காலைப் பத்தாண்டு கழித்து மீட்க முடியாது. காத்திருக்கக் கூடியதற்கு முன், காத்திருக்க முடியாததைச் செய்ய வேண்டும்.